மூன்றாவது சர்டிபிகேட்

கிட்டார் இல்லை தம்பி, வயலின். மேலே தூக்கிப் போடுங்க சார் என்று பஸ் கண்டக்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். மேலே போடமுடியாது. புதுச்சேரி வரைக்கும் மடியில்தான். உங்களுக்கு முழங்கையில் இடித்தால் சொல்லுங்கள், திருப்பி வைத்துக்கொள்கிறேன்.

விரலில் கட்டா? ஒன்றுமில்லை. பலாப்பழம் அரியும்போது கத்தி பட்டுவிட்டது. அதை விடுங்கள்.

புதுச்சேரியில் ஒருவர் இருக்கிறார். வயலின் பழுது பார்ப்பவர், பிரான்சில் ஏழு வருஷம் வேலை கற்றுக்கொண்டு வந்தவர். அவரிடம் ஒரு சர்டிபிகேட் வாங்கப் போகிறேன். இந்த வயலின் மட்டமான வயலின் என்று. சிரிக்காதீர்கள். நீங்கள் என்ன வேலை பார்ப்பதாகச் சொன்னீர்கள்? சிமென்ட் சோதனை செய்கிற லேபா? ரொம்ப நல்லதாகப் போயிற்று. தரமில்லாத சிமென்டைத் தரமில்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுப்பீர்கள் இல்லையா? அதேதான். அதை லேமினேட் செய்து, வருகிற ஜெனரல் பாடி மீட்டிங்கில் முப்பத்தெட்டு பேர் முன்னால் நின்று வாசிக்கப் போகிறேன். வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டேன்.

என் பெயர் எட்வின் கோயில்பிள்ளை. சென்னையில் எங்கள் ஆர்கெஸ்ட்ரா ஒன்று இருக்கிறது. கல்யாண ரிசப்ஷனுக்கு வருவார்களே, அது இல்லை. வெஸ்டர்ன் கிளாசிக்கல். பல் டாக்டர், பள்ளிக்கூட டீச்சர், ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள், துறைமுகத்தில் ஓய்வு பெற்ற இரண்டு பேர், எல்லோரும் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சர்ச் ஹாலில் கூடி வாசிப்போம். நான் இன்சூரன்ஸ் ஆபீசில் இருக்கிறேன், அது பிழைப்பு. ஆர்கெஸ்ட்ராவில் நான் லீடர். பதினோரு வருஷமாக லீடர். லீடர் என்றால் வயலின்காரர்களில் முதல் நாற்காலி. குச்சி பிடித்து நடத்துகிறவர் மேடைக்கு வந்ததும் கைகொடுப்பது எனக்குத்தான். அதற்கு முன்னால் எல்லோரும் சுருதி சேர்க்கவேண்டும். பெரிய ஊர்களில் ஓபோ என்று ஒரு குழல், அதை வாசிப்பவர் சுருதி கொடுப்பார். எங்களிடம் ஓபோ கிடையாது. நான் கொடுப்பேன். என் சுருதிதான் முப்பத்தெட்டு பேருக்கும் சுருதி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

போன வருஷம் கமிட்டியில், ரஷ்ய இசை மட்டுமே வைத்து ஒரு கச்சேரி செய்யலாம் என்று முடிவானது. அதில் ஒரு பெரிய கான்சர்ட்டோ. எழுதினவர் பெயர் உங்களுக்கு வாயில் நுழையாது, ரஷ்யாக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கான்சர்ட்டோ என்றால் ஒருவர் முன்னால் தனியாக நின்று வயலின் வாசிப்பார், மற்ற எல்லோரும் பின்னால் உட்கார்ந்து அவருக்கு வாசிப்பார்கள். பதினோரு வருஷம் முதல் நாற்காலியில் உட்கார்ந்தவன் ஒரு தடவையாவது எழுந்து நின்று வாசிக்கக்கூடாதா? நியாயமாகச் சொல்லுங்கள். நான் வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டுத்தான் கொடுக்கவேண்டுமா?

எங்களை நடத்துகிறவர் ரொசாரியோ சார், ராணுவ பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். மீசையைத் தடவிக்கொண்டு, "வெளியிலேர்ந்து ஒரு கெஸ்ட்டைக் கூப்பிடலாம். அம்மா ஒருத்தங்க மாஸ்கோவுல படிச்சு, அங்கேயே வாசிச்சு, இப்ப பெங்களூருக்கு வந்து செட்டில் ஆயிட்டாங்களாம். நம்ம ஊருப் பொண்ணுதான். சுகிர்தா ஞானமுத்து" என்றார்.

நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். புரை ஏறிவிட்டது.

சுகிர்தா யார் தெரியுமா? எண்பத்தொன்பதாம் வருஷம். எனக்குப் பதினேழு வயசு, அவளுக்கும் பதினேழு. ஒரே மிஸ்ஸிடம் எழும்பூரில் வயலின் படித்தோம். அப்போதெல்லாம் சோவியத் நாட்டுக்குப் படிக்க ஆள் எடுப்பார்கள். வயலினுக்கு ஒரே ஒரு இடம். கடைசியில் நாங்கள் இரண்டு பேர் நின்றோம். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். இரண்டு பேரும் வாசித்தது இதே ரஷ்யாக்காரரின் ஒரு சின்ன உருப்படி. ஒரே மிஸ், ஒரே உருப்படி, ஒரே வயசு. அதில் ஓரிடத்தில் மேலே மேலே போய் உச்சியில் ஒரு ஸ்வரத்தை நிறுத்திப் பிடிக்கவேண்டும். நான் பிடித்தேன். பிடித்தேன் என்றுதான் சொல்கிறேன். ஆனால் என் வயலின் கிணற்றுக்குள்ளிருந்து பேசினது. இதோ, இந்த வயலின்தான். ஊரை விட்டுப் போன ஒரு மிஷனரி அம்மாவிடம் அப்பா வாங்கினது. அவளுக்கோ சிங்கப்பூரிலிருந்து மாமா வாங்கி வந்த புது வயலின். பளபள என்று இருக்கும். அவள் மாஸ்கோ போனாள். நான் பி.காம் போனேன்.

வித்தியாசம் என்ன? வயலின். அவ்வளவுதான். நான் அவள் திறமையைக் குறை சொல்லவேயில்லை. முப்பத்தைந்து வருஷமாகக் குறை சொன்னதில்லை. எல்லோரிடமும் நடந்ததை நடந்தபடி சொல்வேன், அவ்வளவுதான். என் மனைவியைப் பெண் பார்க்கப் போன அன்றைக்கே சொன்னேன். பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன். அப்பாவிடமும் சொன்னேன். "இந்த வயலினுக்கு என்னடா குறைச்சல்?" என்றார். அப்பா போஸ்ட் ஆபீசில் இருந்தார், அவருக்குத் தபால் பிரிக்கத்தான் தெரியும்.

ஏன் வேறு வாங்கவில்லை என்கிறீர்களா? எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. அதற்கு ஆயிரம் காரணம் இருக்கும்.

அவள் கச்சேரிக்கு மூன்று நாள் முன்னால் வந்தாள். ஹாலுக்குள் நுழைந்ததும் நேராக என்னிடம் வந்து, "எட்வின்! இன்னும் அதே மாதிரி முறைக்கிறியேடா!" என்று தோளில் ஒரு அடி. முடியெல்லாம் வெள்ளை. சாயம்கூட அடிக்கவில்லை.

"வாங்க மேடம்" என்றேன்.

"மேடமா? அடி வாங்குவே. சுகின்னு கூப்பிடு."

"கெஸ்ட் ஆச்சே மேடம்" என்றேன்.

என் பக்கத்து நாற்காலி பியூலா டீச்சர். பெரம்பூரில் கணக்கு டீச்சர். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும்.

ரிகர்சல் நடந்தது. இரண்டாம் நாள் நடுவில் அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, வில்லை என் பக்கம் நீட்டினாள். "எட்வின், நீ மட்டும் கொஞ்சம் கீழே இருக்கேப்பா. சுருதி ஒரு பொட்டு குறையுது. கேட்டுப் பாரேன்."

முப்பத்தெட்டு பேர் முன்னால். லீடரைப் பார்த்து. சுருதி கொடுக்கிறவனைப் பார்த்து, சுருதி குறைகிறது என்று! பல் டாக்டர் பின்னால் இருந்து தொண்டையைச் செருமினார். அவர் எதற்குச் செருமவேண்டும்? ரொசாரியோ சார் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன். "வயலின் அப்படி மேடம். பழசு. நிக்காது" என்றேன். மனசுக்குள் என்ன சொன்னேன் தெரியுமா? குறையுதா? சரி. கச்சேரி அன்றைக்குக் குறையாது.

கச்சேரி. ஹால் நிறைந்திருந்தது. நான் எழுந்து நின்று சுருதி கொடுத்தேன். எப்போதும் கொடுப்பதைவிட ஒரு மயிரிழை மேலே. ஒரே ஒரு மயிரிழை. ஃப்ளூட் வாசிக்கிறவர் நிமிர்ந்து பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன். எல்லோரும் அதற்குச் சேர்த்தார்கள். வேறு வழி? நான்தானே லீடர். பிறகு கைதட்டலோடு அவள் வந்தாள். பச்சைப் பட்டு. ஊரில் இல்லாத பச்சை. நான் மறுபடி சுருதி கொடுத்தேன். அவள் தன் வயலினைக் காதோடு வைத்துக் கேட்டாள், என்னைப் பார்த்தாள், புன்னகை செய்தாள். செய்துவிட்டு நாலு கம்பியையும் முறுக்கி மேலே ஏற்றினாள். பாருங்கள், எவ்வளவு திமிர். தப்பு என்று தெரிகிறது, ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆரம்பித்து ஆறு நிமிஷம் இருக்கும். ஒரு சத்தம். பட் என்று. நாலு கம்பியில் ரொம்ப மெல்லிசான கம்பி, உச்சியில் போகிற ஸ்வரமெல்லாம் அதில்தான், அது அறுந்து அவள் கன்னத்தில் அடித்தது. சிமென்ட்காரர் நீங்கள், உங்களுக்குத் தெரியும், முறுக்கின பொருள் எங்கேயாவது விட்டுத்தானே ஆகவேண்டும். ஆனால் அது என்னால் என்று யாரும் நிரூபிக்கமுடியாது. சென்னைப் புழுக்கத்தில் எத்தனையோ கம்பி அறுகிறது.

இப்போது ஒரு வழக்கம் சொல்கிறேன். உலகம் முழுக்க ஆர்கெஸ்ட்ராக்களில் உள்ள வழக்கம். தனியாக வாசிப்பவரின் கம்பி அறுந்தால் வாசிப்பு நிற்காது. அவர் திரும்பி லீடரின் வயலினை வாங்கிக்கொள்வார். அறுந்ததை லீடர் வாங்கிப் பின்னால் தள்ளிவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரரின் வயலினை எடுத்துக்கொள்வார். அவர் தன் பின்னால் இருப்பவருடையதை. இப்படியே கை மாறிக் கை மாறி, அறுந்த வயலின் கடைசி வரிசைக்குப் போகும். கடைசி ஆள் உள்ளே கொண்டுபோய்ப் புதுக் கம்பி போட்டு எடுத்து வருவார். எங்கள் கடைசி வரிசை பல் டாக்டர். மனுஷன் பல்லைப் பிடுங்குகிற வேகத்தில் கம்பி மாற்றுவார். மூன்று நிமிஷம்.

அவள் திரும்பினாள். கையை நீட்டினாள். நான் என் வயலினைக் கொடுத்தேன்.

சந்தோஷமாகக் கொடுத்தேன் தம்பி! உங்களுக்கு எப்படிச் சொல்வது? முப்பத்தைந்து வருஷம் நான் சொன்னதை ஒருத்தரும் நம்பவில்லை. பாவம் சார் என்பார்கள், தலையாட்டுவார்கள், காபி குடிக்கப் போய்விடுவார்கள். இப்போது மாஸ்கோவில் படித்தவளே இதை வாசிக்கப் போகிறாள். கிணற்றுக்குள்ளிருந்து பேசப் போகிறாள். ஊரே கேட்கட்டும். வாசிடி. நான் என்ன பாடு பட்டேன் என்று வாசித்துப் பார்.

ஆனால் வழக்கப்படி போனால் மூன்று நிமிஷத்தில் அவளுடையது திரும்பி வந்துவிடுமே. மூன்று நிமிஷத்தில் ஊருக்கு என்ன புரியும்? அதனால் நான் பின்னால் தள்ளவில்லை. பியூலா டீச்சர் தன் வயலினை என்னிடம் நீட்டினாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அறுந்ததைத் தூக்கிக்கொண்டு நானே எழுந்து உள்ளே போனேன். லீடரே போகிறார், எவ்வளவு பொறுப்பு என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

உள்ளே அவள் பெட்டி திறந்து கிடந்தது. மூடியின் பையில் புதுக் கம்பி, நீல உறையில். எடுத்தேன். சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவ்வளவுதான். வேறொன்றும் செய்யவில்லை. உட்கார்ந்திருந்தேன்.

கதவு கனமான கதவு. சத்தம் மொத்தையாகத்தான் கேட்டது, எது எது என்று பிரிக்கமுடியவில்லை. முதல் பகுதி முடிந்தது. மொத்தம் மூன்று பகுதி. வெளியே அமைதி. அவர்கள் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று தெரிந்தது. சபையில் ஒருவர் இருமினார், அவரைப் பார்த்துப் பத்துப் பேர் இருமினார்கள். பியூலா டீச்சர் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"சார், ரெடியா?"

"கம்பியைக் காணோம் டீச்சர். தேடிக்கிட்டிருக்கேன்."

"என்கிட்ட ஒண்ணு இருக்கு சார். தரட்டுமா?"

"அது இதுக்குச் சேராது" என்றேன்.

எந்தக் கம்பியும் எந்த வயலினுக்கும் சேரும். கணக்கு டீச்சருக்கு அது தெரியும். என்னைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள். மேஜையில் தேடின அடையாளம் ஒன்றுமில்லை. போய்விட்டாள். போகும்போது கதவைச் சரியாகச் சாத்தவில்லை.

இரண்டாம் பகுதி. அது மெதுவாகப் போகும். பின்னால் இருப்பவர்கள் கிட்டத்தட்ட ஒன்றும் வாசிக்கமாட்டார்கள், தனி வயலின்தான். நான் காத்துக்கொண்டிருந்தேன். இப்போது தெரியப்போகிறது, இப்போது தெரியப்போகிறது என்று.

முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? வேறு யாரோ தங்கள் வயலினைக் கொடுத்துவிட்டார்கள் என்று. எழுந்து இடுக்கு வழியாகப் பார்த்தேன். மோவாய் வைக்கிற கட்டையில் ஒரு மூலை உடைந்திருக்கும், நான் கல்லூரியில் கீழே போட்டது. அந்த உடைசல் தெரிந்தது. என்னுடையதுதான்.

உயரமான இடம் வந்தது. ஏறி ஏறி, உச்சியில் நிறுத்திப் பிடிக்கிற இடம், அன்றைக்கு அந்த மூன்று பேர் முன்னால் நான் வாசித்ததைப் போலவே ஒரு இடம். அவள் பிடித்தாள். கிணறு இல்லை தம்பி. கிணற்றையே காணோம். வெண்கலத்தைச் சுண்டினால் கேட்கும்போல ஒரு சத்தம், ஹாலின் கடைசிச் சுவரில் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிற சத்தம். அது இதற்குள்ளிருந்து வந்தது. இந்தப் பெட்டிக்குள் இருப்பதிலிருந்து. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மற்றக் கையில் அவளுடைய வயலின், மூன்று கம்பியோடு.

கல்பாக்கம் தாண்டிவிட்டோமா? சரி.

எல்லாம் முடிந்து ஐந்து நிமிஷம் கைதட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். அவள் உள்ளே வந்தாள். கன்னத்தில் கம்பி அடித்த இடத்தில் சிவப்பாக ஒரு கோடு. நான் பேசுவதற்குத் தயாராக இருந்தேன். "தேடினேன், எங்கேயும் கிடைக்கலை" என்றேன்.

அவள் என் சட்டைப்பையைப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். நீல உறை பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

கத்தியிருக்கலாம். அறைந்திருக்கலாம். அறைந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? என் வயலினை என் கையில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து, "நல்லதாப் போச்சு எட்வின். இல்லேன்னா இதை வாசிக்க எனக்குக் கொடுத்து வச்சிருக்காது. அப்பா வாங்கினதுதானே? நல்லாப் பார்த்துக்கோ" என்றாள்.

பார்த்தீர்களா விஷத்தை? மாஸ்கோவில் அதையும் சொல்லிக்கொடுப்பார்கள் போலிருக்கிறது.

பிறகு எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒவ்வொருத்தராக. "சார், இது என்ன மேக் சார்?" "சார், இத்தனை நாளா ஒளிச்சு வச்சிருந்தீங்களே சார்!" பல் டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "எட்வின் சார், மட்டமான வயலின், மட்டமான வயலின்னு எங்களையெல்லாம் ஏமாத்திட்டீங்க" என்று வாய் விட்டுச் சிரித்தார். முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது. ரொசாரியோ சார் மட்டும் தள்ளி நின்றார். மீசையைத் தடவினார்.

ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போது என் மனைவி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அண்ணா நகர் வளைவு தாண்டினதும் கேட்டாள்: "இனிமே என்ன சொல்லப் போறீங்க?"

அவ்வளவுதான் கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. அது நடந்து நாலு மாசம் ஆகிறது, இன்னும் அந்த ஒரு கேள்வியோடுதான் எனக்கு இட்லி வைக்கிறாள்.

அதனால்தான் சர்டிபிகேட். நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு நல்ல வாசிப்பாளர் ஒரு நாள், ஒரு மணி நேரம், மட்டமான வயலினையும் சமாளித்து வாசித்துவிடலாம். முப்பத்தைந்து வருஷம் சமாளிக்கமுடியுமா? அதுதான் கேள்வி. ஹாலின் அமைப்பு வேறு இருக்கிறது. அவள் முதல் பகுதிக்குப் பிறகு ஏதாவது திருகியிருக்கலாம். இதையெல்லாம் நிபுணர் ஒருவர் எழுத்தில் கொடுத்துவிட்டால், அதை மீட்டிங்கில் வாசித்து, ஒரு நகல் பெங்களூருக்கு ரிஜிஸ்டர் தபாலில். அவள் கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டும். வாங்கிப் பிரித்துப் பார்க்கவேண்டும். அந்த முகத்தை நான் பார்க்கமுடியாது, அது ஒன்றுதான் குறை. பரவாயில்லை.

இவர் மூன்றாவது ஆள். ஏற்கெனவே இரண்டு பேரிடம் காட்டினேன், வேப்பேரியில் ஒருவர், சாந்தோமில் ஒருவர். இரண்டு பேருமே நல்ல வயலின் என்றார்கள். வேப்பேரிக்காரருக்கு வயசாகிவிட்டது, காது போய்விட்டது. சாந்தோம்காரர் பியூலா டீச்சரின் சர்ச்சுக்குப் போகிறவர்.

என்ன கேட்டீர்கள்? இரண்டு லேபில் பாஸ் ஆன சிமென்டை எதற்கு மூன்றாவது லேபுக்கு அனுப்புவது என்றா? தம்பி, சிமென்ட் வேறு, இது வேறு. சிமென்ட் யாரையும் ஏமாற்றாது.

அவரும் நல்லது என்று சொல்லிவிட்டால்? சொல்லமாட்டார். பிரான்சில் படித்தவர்.

விரலா? அதான் சொன்னேனே, மாம்பழம் அரியும்போது... பலாவா சொன்னேன்? இருக்கலாம். கோடை வந்தால் வீட்டில் எல்லாப் பழமும்தான் இருக்கிறது.

அவிழ்ந்துவிட்டதே. பேசிக்கொண்டே கையை ஆட்டிவிட்டேன். பார்க்காதீர்கள். சரி, பார்த்துவிட்டீர்கள். ஆமாம், காயமில்லை. காயம் எதுவும் கிடையாது. போதுமா?

வேப்பேரிக்காரர் என்னை வாசிக்கச் சொன்னார். "எங்க குறையுதுன்னு நீங்களே வாசிச்சுக் காட்டுங்க சார்" என்றார். வாசித்தேன். அந்த உயரமான இடத்தை வாசித்தேன். கிணற்றுக்குள்ளிருந்து பேசினது, நன்றாகவே பேசினது. "கேட்டீங்களா?" என்றேன். அவர் என் கையிலிருந்து வயலினை வாங்கி, அதே இடத்தைத் தானே வாசித்தார். வாசித்துவிட்டு ரொம்ப நேரம் துணியால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமேயில்லை. பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "வயலின்ல ஒண்ணும் இல்லை சார்" என்றார்.

சாந்தோமுக்குக் கட்டோடுதான் போனேன்.

இறங்குகிற இடம் வந்துவிட்டதுபோல் இருக்கிறது. தம்பி, இந்த நுனியைக் கொஞ்சம் பிடியுங்கள், ஒற்றைக் கையால் எனக்கு வரமாட்டேனென்கிறது. இரண்டு சுற்று. முடிச்சு மேலே வரட்டும், பார்த்தால் தெரிகிற மாதிரி. இன்னும் இறுக்குங்கள். இன்னும். வலிக்காது, நீங்கள் இறுக்குங்கள்.